காந்தக் கணக்கில் நாம் தெற்கே

அலோர் காஜா வட்டாரத்தில் ஒரு மழை பெய்தால் போதும், காலணியெல்லாம் சிவப்பாகிவிடும். ரெம்பியா, மஸ்ஜிட் தானா, டுரியான் துங்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டத்து மண்சாலையின் நிறம் இதுதான். அந்தச் சிவப்புக்குக் காரணம் மண்ணில் இருக்கும் இரும்பு. மலாக்காவில் போர்த்துகீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டைக்கும் இரும்பு மிகுந்த செம்புறைக் கல்லைத்தான் வெட்டி எடுத்தார்கள். இவ்வளவு இரும்பு காலடியில் கிடக்கிறதே, காந்தத்தை வைத்தால் மண் ஏன் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை? காந்தம் இரும்பை ஈர்க்கும் என்று முதலாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் படித்த பிள்ளை இப்படிக் கேட்டால், தட்டிக்கழிக்காதீர்கள். காந்தத்தின் அடிப்படையே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அணுவில் உள்ள ஒவ்வோர் எலக்ட்ரானும் தானே ஒரு மிகச் சிறிய காந்தம். பெரும்பாலான பொருள்களில் இவை எதிரும் புதிருமாக இணைசேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மரம், செம்பு, அலுமினியம் எல்லாம் காந்தத்தைக் கண்டுகொள்ளாததற்கு இதுவே காரணம். இரும்பு அணுவிலோ இணைசேராத எலக்ட்ரான்கள் சில மிஞ்சுகின்றன. அதோடு, பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசை பார்த்து நிற்கவும் செய்கின்றன. கோபால்ட்டும் நிக்கலும் இதே குணம் கொண்டவை.

மண்ணில் இருப்பதோ தனி இரும்பு அல்ல, ஆக்சிஜனோடு கலந்த இரும்பு. துரு என்றே வைத்துக்கொள்ளலாம். துருவில் ஓர் இரும்பு அணு வடக்கே பார்த்தால் அடுத்தது தெற்கே பார்க்கிறது. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் எல்லாத் துகளும் அப்படியல்ல. காய்ந்த மண்ணைப் பொடித்து, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் அளைந்து பாருங்கள். கறுப்பாகச் சில துகள்கள் ஒட்டக்கூடும். அவை வேறு விதமாக ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு. அவற்றில் எதிரெதிர் அணுக்கள் சமபலம் கொண்டவை அல்ல.

அப்படியானால் கடையில் வாங்கிய ஆணி ஏன் காந்தமாக இல்லை? ஆணிக்குள் அணுக்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. ஒரு கூட்டத்துக்குள் எல்லாரும் ஒரே திசை. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் திசை வேறு. ஓய்வு நேரத்தில் பள்ளித் திடலில் பிள்ளைகள் நிற்பது போல. காந்தத்தால் ஆணியைத் தேய்த்தால் திங்கட்கிழமை சபைகூடல் போல எல்லாரும் ஒரு பக்கம் திரும்புகிறார்கள். சுத்தியலால் அடித்தாலோ நெருப்பில் காய்ச்சினாலோ வரிசை கலையும். 770 பாகை செல்சியஸைத் தாண்டினால் இரும்பு தன் காந்தத்தன்மையை முழுவதும் இழக்கிறது. காந்தத்தை இரண்டாக உடைத்தாலும் தனி வடமுனை கிடைக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனைகள் வந்துவிடும்.

காந்தத்தைச் சுற்றி அதன் ஆற்றல் பரவியிருக்கும் இடமே காந்தப்புலம். தாளின்மேல் இரும்புத்தூள் தூவித் தட்டினால் அதன் வடிவம் வளைவு வளைவாகத் தெரியும். சிறு காந்தத்தின் புலம் தூரத்தோடு மிக வேகமாகக் குறைகிறது: தூரம் இரு மடங்கானால் வலிமை எட்டில் ஒரு பங்கு. நம் வட்டாரத்தில் பூமியின் புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தின் பரப்பில்கூட அதைப்போல நூறு மடங்கு இருக்கும்.

பாடநூல் படங்கள் சொல்லாத ஒன்று இனிமேல்தான் வருகிறது. ஒரு தையல் ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, அது கிடையாகத் தொங்கும்வரை முடிச்சை நகர்த்துங்கள். பிறகு முடிச்சு நகராமல் ஊசியைக் காந்தத்தில் ஒரே திசையாகப் பலமுறை தேய்த்து மீண்டும் தொங்கவிடுங்கள். ஊசி வடக்கு தெற்காக நிற்கும். அது மட்டுமல்ல, தெற்கே பார்க்கும் முனை சற்றுக் கீழே சாயும். 1581-ல் லண்டன் கருவிக் கைவினைஞர் ராபர்ட் நார்மன் இந்தச் சாய்வைப் பற்றி நூல் எழுதினார். அவருடைய ஊரில் தலைகுனிந்தது வடமுனை; நம் ஊரில் தென்முனை. பூமியின் உள்ளே, ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் உருகிய இரும்புக் கடலின் ஓட்டத்தில் பிறக்கும் புலம், நிலநடுக்கோட்டுக்குச் சரியாகப் பொருந்தி அமையவில்லை. ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடு தீபகற்பத்தில் நமக்கு வடக்கே, தாய்லாந்துப் பக்கம் ஓடுகிறது. ஆகவே நிலப்படத்தில் நாம் வடபாதி, காந்தக் கணக்கில் தென்பாதி. அதே கோடுதான் தமிழ்நாட்டின் தென்கோடியையும் ஒட்டிப் போகிறது. அதனாலேயே திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.

நம் பகுதியில் இந்த அளவீடு புதிதல்ல. 1841-ல் சிங்கப்பூரில் காந்த ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தியவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்லஸ் மோர்கன் எலியட். 1846 முதல் 1849 வரை மலாய்த் தீவுக்கூட்டம் முழுவதும் ஊசியோடு அலைந்து அளந்தார். அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் திசைகாட்டியை நம்பி மலாக்காவுக்கு வந்து போயின.

இன்றைக்குக் காந்தம் இங்கே சோறு போடுகிறது. செம்பனை ஆலையில் கொட்டை உடைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் காந்தம் பொருத்தியிருப்பார்கள். குலையோடு வந்த ஆணி, போல்ட், உடைந்த கத்தி முனை எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் இயந்திரம்தான் உடையும். மின்சாரம் பாயும் கம்பியும் காந்தமாகிறது என்பதை 1820-ல் டென்மார்க் விஞ்ஞானி எர்ஸ்டெட் கண்டார். பூலாவ் செபாங் நிலையத்தைக் கடக்கும் மின்தொடர்வண்டியின் மோட்டார் சுழல்வது அந்த ஒரு கண்டுபிடிப்பால்.

1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்த்து அதுவரை இல்லாத வலுவான காந்தத்தை உருவாக்கினார்கள். பல மின்கார்களிலும் ஒலிபெருக்கிகளிலும் இருப்பது அதுவே. அதற்கான நியோடிமியத்தைக் குவாந்தான் அருகே கெபெங்கில் உள்ள லைனஸ் ஆலை 2012-லிருந்து பிரித்தெடுத்து வருகிறது. கதிரியக்கம் கொண்ட தோரியம் அதன் கழிவில் இருப்பதால் மக்கள் எதிர்ப்பும் தொடர்ந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல என்பதே என் எண்ணம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஊசிச் சோதனையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். அதற்குப் பள்ளியில் பயன்படுத்தும் சட்டக் காந்தமே போதும். பாசிமணி அளவில் பளபளவென்று விற்கும் நியோடிமியக் காந்தங்களைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குடல் ஓட்டையாகும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.