காணொலியில் மருத்துவ ஆலோசனை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தொலைமருத்துவம் என்பது நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தவாறே காணொலி வழியாகக் கலந்தாலோசிக்கும் முறையாகும். இந்தியாவில் அரசின் ‘இ-சஞ்சீவனி’ சேவை இதனைக் கட்டணமின்றி வழங்குகிறது.

இச்சேவையை இரு வழிகளில் பெறலாம். துணை சுகாதார நிலையத்திற்குச் சென்று, அங்குள்ள செவிலியரின் உதவியுடன் மருத்துவரிடம் பேசுவது ஒரு வழி. வீட்டிலிருந்தே செல்பேசியில் பேசுவது மற்றொன்று; இது 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது தொடங்கப்பட்டது. முதியோருக்கும், நீரிழிவு அல்லது உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கும் முதல் வழியே மேலானது என்பது என் கருத்து. செவிலியர் அங்கேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து கூறுவதால், மருத்துவர் ஊகத்தின்பேரில் முடிவெடுக்க நேராது.

ஆலோசனைக்கு முன்

தற்போது உட்கொள்ளும் மருந்துகளை அட்டையுடன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “காலையில் ஒரு வெள்ளை மாத்திரை” என்று மட்டும் கூறினால் மருத்துவரால் எதையும் அறிய இயலாது. வெள்ளை மாத்திரைகளுக்குக் கணக்கில்லை. நாட்டு மருந்து உட்கொண்டால் அதையும் கூறுங்கள். மருத்துவர் கடிந்துகொள்வார் என அஞ்சிப் பலர் மறைத்துவிடுகின்றனர். மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், சிறுநீரக நோய் ஆகியவற்றைக் கேட்கும் முன்பே தெரிவிப்பது நல்லது.

நீரிழிவு உடையோர் இரு பாதங்களின் அடிப்பகுதியையும் நல்ல வெளிச்சத்தில் காட்ட வேண்டும். நரம்பு பாதிப்பால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் இருந்தும் வலி தெரியாது. “ஒரு குறையும் இல்லை” என்று கூறிய ஒருவரின் மகளிடம் கேமராவைப் பாதத்தின் பக்கம் திருப்பச் சொன்னேன். பெருவிரலின் அடியில் ஆழ்ந்த புண் இருந்தது. அவர் அதைப் பார்த்ததே இல்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

பராமரிப்பாளர் உடனிருப்பது உதவியே. எனினும், பேசக்கூடிய நோயாளியை அவர் வாயாலேயே கூறவிடுங்கள்.

திரையில் இயலாதவை

வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் நெஞ்சின் ஒலியை நேரடியாகக் கேட்பதும் காணொலியில் இயலாது. ஆகவே மருத்துவர் “நேரில் வாருங்கள்” என்றால் தவறாமல் செல்ல வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதித் தர, 2020 மார்ச்சில் வெளியான தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் இடமளிப்பதில்லை. மருத்துவர் அவற்றை மறுத்தால் அது அலட்சியமன்று.

நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், வலிப்பு, பாம்புக்கடி, கர்ப்பகால இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குக் காணொலி ஆலோசனைக்காகக் காத்திராமல் உடனே 108 ஐ அழையுங்கள். வாய் கோணுதல், ஒரு கை செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள், அதுவும் தலைப்பகுதி ஸ்கேன் எடுத்த பின்னரே செலுத்த முடியும். இணைய இணைப்புக்காகக் காத்திருக்கும் அரைமணி நேரமும் இதில் கழிந்துவிடும்.

ஆலோசனைக்குப் பின்

மருந்துச் சீட்டு மின்னணு வடிவில் கிடைக்கும். அதில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ளனவா எனப் பார்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொரு மருத்துவர் பேசக்கூடும், அவருக்கு அச்சீட்டே உங்கள் வரலாறு. 14 இலக்க ஆபா எண் இருந்தால் பதிவுகளை அதனுடன் இணைக்கலாம், அது கட்டாயமன்று. இச்சேவையின் பெயரால் எவரேனும் பணம் கேட்டு அழைத்தால் கொடுக்க வேண்டாம்.