மதுவும் இருதயத் தசையும்: பாரம்பரியத்தின் பங்கு

நெடுங்காலம் மிகுதியாக மது அருந்துவோர் சிலருக்கு இருதயத் தசை நலிந்து, அதன் அறைகள் விரிந்து, இரத்தத்தை உந்தும் ஆற்றல் குன்றிவிடுகிறது. மூச்சு இரைத்தல், கால் வீக்கம், களைப்பு ஆகியன இதன் அறிகுறிகளாகும். ஜெர்மனியின் மியூனிச் நகரில், மிகுதியாகப் பீர் அருந்துவோரின் இருதயங்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டிருத்தலைப் போலிங்கர் என்னும் நோயியல் நிபுணர் 1884-ஆம் ஆண்டிலேயே விவரித்தார்.

ஆயினும், ஒரே அளவு குடித்த இருவருள் ஒருவருடைய இருதயம் கெடவும், மற்றவருடையது கெடாதிருக்கவும் காரணம் யாது? ஒரு பகுதி விடை பாரம்பரியத்தில் உள்ளது.

இருதயத் தசை நார்களில் டைட்டின் என்னும் மிகப் பெரிய புரதம் சுருள்வில்லைப் போல் அமைந்துள்ளது. விரிந்த தசை பழைய நிலையை அடைய அது துணைபுரிகிறது. இப்புரதத்திற்குரிய ஜீனில் ஒருவகை மாறுதல் நேரின், புரதம் முழுமை பெறாது இடையிலேயே நின்றுவிடும். 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மதுவினால் இருதயத் தசை நலிந்த 141 நோயாளிகளுள் 9.9 சதவிகிதத்தினரிடம் இம்மாறுதல் காணப்பட்டது. ஒப்புநோக்குவதற்காகச் சோதிக்கப்பெற்ற 445 நலமுள்ளோரிடம் அது 0.7 சதவிகிதமே.

பாரவண்டியின் அச்சில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருப்பின், இலேசான பாரத்தில் அது வெளிப்படாதிருக்கலாம். மிகுபாரம் ஏற்றினால் அச்சு முறியும். பரம்பரைக் குறையுள்ள இருதயத்திற்கு மதுவே அம்மிகுபாரம். ஆனால் விரிசலற்ற அச்சும் அளவிறந்த பாரத்தால் முறியக்கூடும். மேற்கண்ட நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேரிடம் டைட்டின் குறை இல்லை என்பதை மறத்தலாகாது. எனவே, "எங்கள் குடும்பத்தில் அக்குறை இல்லை" என்று எண்ணிக் குடிப்பது பேதைமையாகும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய நோயாளியைக் கண்டதும், "குடியால் வந்தது" எனப் பழித்து அத்துடன் நிறுத்திவிடுதல் கூடாது. குடும்பத்தில் எவரேனும் இளவயதில் இருதய நோயால் இறந்ததுண்டா என விசாரித்தல் வேண்டும். ஜீன் மாறுதல் உடையவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்தடையும் வாய்ப்பு இரண்டில் ஒன்றாகும். ஆதலால், மது அருந்தாத மக்களும் உடன்பிறந்தோருங்கூட மருத்துவரை நாடி இருதயத்தைச் சோதித்துக்கொள்வது நலம்.

காலத்தே மதுவை அறவே கைவிட்டு, உரிய மருந்தை உட்கொள்வோர் பலருக்கு இருதயம் மீண்டும் வலிமை பெறுகிறது. பிறப்பால் வந்த ஜீனை மாற்ற இயலாது. மதுவை விலக்க இயலும்.