மேலாண்மைக் கல்லூரி: ஊரை எடை போடுவது எப்படி?

கடை போடுகிறவன் முதலில் இடம் பார்ப்பான். ஆள் நடமாட்டம் எப்படி, சரக்கு எங்கிருந்து வரும், வாடகை கட்டுபடியாகுமா என்று நாலு தடவை நடந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பான். பிள்ளைகளை எம்.பி.ஏ. சேர்க்கும்போது மட்டும் நம்மவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டவுடனே "ரொம்ப தூரம்", "ரொம்ப வெயில்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கல்லூரியின் தரமே முதன்மை என்பதில் ஐயமில்லை. ஒத்த தரத்தில் இரண்டு இடம் கிடைத்தால்? கல்லூரிப் படி ஏறாத வியாபாரி நான். படித்தும் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவதாக, அந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறது என்று பாருங்கள். 1949இல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. இருப்பது ஜம்ஷெட்பூரில்; உருக்காலை ஊர். தொழிலாளர் உறவும் மனிதவளப் படிப்பும் அங்கே பேர் பெற்றதில் வியப்பென்ன? அமுல் பால் கூட்டுறவு வளர்ந்த ஆனந்தில்தான் வர்கீஸ் குரியன் 1979இல் ஊரக மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கினார். கிராமத்தில் தங்கிப் பயில்வது அங்கே பாடத்தில் ஒரு பகுதி. மும்பை சர்ச்கேட்டில் 1965இல் தோன்றிய ஜம்னாலால் பஜாஜ் நிறுவனத்துக்கோ வங்கியும் பங்குச் சந்தையும் பக்கத்திலேயே. கம்பெனி அதிகாரிகள் வந்து வகுப்பெடுப்பது சுலபம்.

இரண்டாவதாக, அன்றாட வாழ்க்கை. விடுதியோடு கூடிய கல்லூரியில் முதல் வருஷம் வகுப்பு, குழு வேலை, தேர்வு என்று ஓடிவிடும். ஊர் சுற்ற நேரம் ஏது? வளாகம்தான் ஊர். அகமதாபாத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், உண்மைதான். ஆனால் இரண்டு வருஷப் படிப்பில் அந்தச் சமயம் முதலாண்டுப் பிள்ளைகள் கோடைப் பயிற்சிக்குக் கம்பெனிகளுக்குப் போயிருப்பார்களே! 1961இல் தொடங்கிய கல்கத்தா ஐ.ஐ.எம். ஜோக்காவில் ஒதுங்கிக் கிடக்கிறது என்பது பழைய பேச்சு. 2022 டிசம்பரில் அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கி, 2024இல் மாஜேர்ஹாட் வரை நீண்டுவிட்டது. பழைய விவரத்தை வைத்து ஊரைத் தள்ளாதீர்கள்.

சாப்பாட்டையும் லேசாக நினைக்க வேண்டாம். கிழங்கு விலக்கி, பொழுது சாய்வதற்குள் உண்பது எங்கள் சமணர் வழக்கம். அதுபோல் உங்கள் வீட்டு வழக்கம் எதுவானாலும், விடுதிச் சமையலறையில் அதற்கு இடமுண்டா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். விடுதி கிடைக்காவிட்டால் பெருநகரத்தில் வாடகையும் ரயில் நெரிசலும் சேரும். கட்டணத்தோடு அந்தச் செலவையும், வழியில் கரையும் நேரத்தையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பெண் பிள்ளைக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தும், "தூரமா இருக்கு, இங்கேயே ஏதாவது படிக்கட்டும்" என்று நிறுத்தும் வீடுகள் நம்மிடையே உண்டு. மகனுக்கு ஒரு தராசு, மகளுக்கு ஒரு தராசா? விடுதிப் பாதுகாப்பு, இரவுப் போக்குவரத்து, மருத்துவ வசதி எல்லாவற்றையும் நேரில் போய் விசாரியுங்கள். குறை தெரிந்தால் மறுக்கலாம். வெறும் தூரம் ஒரு குறையல்ல. பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்து வேர் விட்டவர்கள் நாம். தூரத்தைக் காரணம் காட்ட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?