எழுதியதைக் காக்கும் பூட்டு

நினைவு மங்கும், எழுத்து நிலைக்கும் என்று நம்பியே மனிதன் எழுதி வைக்கக் கற்றான். ஆயினும் எழுத்துக்கும் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, கைத்தவறுதலாக அழிந்து போவது. மற்றொன்று, ஒருவர் வேண்டுமென்றே அதனை மாற்றி விடுவது. இவ்விரண்டையும் தடுப்பதற்குக் கணினி உலகில் ஓர் ஏற்பாடு உண்டு. அதனை 'எழுத்துத் தடை' எனலாம். தடை இடப்பட்ட பதிவை யாரும் படிக்கலாம். அதில் புதிதாக எழுதவோ, உள்ளதை அழிக்கவோ, திருத்தவோ இயலாது.

இது தோட்டப்புற மக்களுக்குப் புதிய கருத்தன்று. கணக்கேட்டைப் பென்சிலால் எழுதாமல் மையால் எழுதுவதும், ஓர் எண்ணைத் திருத்த நேர்ந்தால் பழைய எண் தெரியும்படி கோடிட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவதும் கணக்கு முறை. ஏன் இத்துணைக் கண்டிப்பு? பால் எடையில் ஓர் எண் மாறினால் ஒரு குடும்பத்தின் சம்பளம் மாறும். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினால் ஒரு பிள்ளையின் படிப்பும் அடையாள அட்டையும் சிக்கலுக்கு உள்ளாகும். எழுத்தைக் காப்பது உரிமையைக் காப்பதாகும்.

நம் முன்னோரும் இதனை நன்கு அறிந்திருந்தனர். சோழ மன்னர்கள் தாம் அளித்த கொடைகளைச் செப்பேடுகளில் பொறித்தனர். ஏடுகள் அனைத்தையும் ஒரு வளையத்தில் கோத்து, அதன் இரு முனைகளும் சேருமிடத்தில் அரச முத்திரையை வைத்து இணைத்தனர். வளையத்தை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் இயலாது. பொய்யேடு ஒன்றைச் செருகவும் இயலாது. ஹாலந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றவற்றுள் பெரிய தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்த செய்தியை அவை கூறுகின்றன. கடாரம் என்பது நம் நாட்டின் கெடா மாநிலமே என்பர் அறிஞர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அக்கொடையை இன்று நாம் அறிய முடிகிறது.

கணினிக்கும் ஒரு வளையம் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். முற்காலத்துப் பெருங்கணினிகள் தம் பதிவுகளைக் காந்த நாடாச் சுருள்களில் சேமித்தன. சுருளின் பின்புறத்தில் வட்டமான பள்ளம் ஒன்று இருக்கும். அதில் பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால் நாடாவில் எழுதலாம். வளையத்தைக் கழற்றி விட்டால் படிக்க மட்டுமே முடியும். யாரேனும் மறந்து போனாலும் பதிவு அழியாது; ஏனெனில் எழுதுவதற்குத்தான் முயற்சி வேண்டும், காப்பதற்கு வேண்டியதில்லை.

பெற்றோர் பலர் பாட்டுக் கேசட்டுகளை அறிவர். 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அக்கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறு துண்டுகள் இருக்கும். துண்டை உடைத்து விட்டால், பதிவுப் பெட்டியின் உள்ளிருக்கும் நெம்புகோல் அந்தப் பள்ளத்தை உணர்ந்து, பதிவுப் பொத்தானை அழுத்த விடாது. திருமணத்தன்று பதிந்த பெரியோர் வாழ்த்தின் மேல் வானொலிப் பாட்டு ஏறிவிடாமல் காத்தது இந்தச் சிறு துண்டேயாகும். மீண்டும் பதிய விரும்பினால் பள்ளத்தின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டினால் போதும்.

பின்னர் வந்த நெகிழ்வட்டுகளிலும் இம்முறை தொடர்ந்தது. ஐந்தேகால் அங்குல வட்டின் ஓரத்தில் இருந்த வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத்துத் தடை ஏற்படும். மூன்றரை அங்குல வட்டிலோ சிறு சன்னல் ஒன்று உண்டு. அது திறந்திருந்தால் தடை, மூடியிருந்தால் எழுதலாம். 1986-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் உருவாக்கிய 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டுகள் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் தடை இடப்பட்ட வட்டில் அதனால் தன்னை எழுதிக்கொள்ள இயலவில்லை. ஒரு சிறு ஒட்டுத்தாள் செய்த காவல் இது!

இன்று நாம் பயன்படுத்தும் நினைவக அட்டையின் இடப்பக்க விளிம்பில் நகரும் பொத்தான் ஒன்று உள்ளது. அதனைக் கீழ்நோக்கித் தள்ளினால் அட்டை பூட்டப்படும். கைப்பேசியில் இடும் மிகச் சிறிய அட்டைக்கு இப்பொத்தான் இல்லை. அதனைச் செருகும் பெரிய உறையில் உண்டு. எனினும் ஒன்றை அறிதல் வேண்டும். இப்பொத்தான் ஓர் அடையாளமே. அதனைக் கண்டு எழுதாமல் நிற்க வேண்டியது அட்டையைப் படிக்கும் கருவியின் கடமை. ஆகவே இதனை மட்டுமே முழுக் காவலாக நம்பலாகாது. விரலளவான பென்டிரைவ் பலவற்றில் இத்தகைய பொத்தானும் இல்லை.

நீதித்துறைக்கும் இக்காவல் பெரிதும் உதவுகிறது. குற்ற விசாரணையில் கிடைத்த கணினி வட்டை ஆராய்வோர், எழுத்துத் தடுப்புக் கருவி ஒன்றை இடையில் இணைத்தே அதனைப் படிக்கின்றனர். சான்றில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று காட்டுவதற்கு இது துணையாகிறது. கணினியில் உள்ள பதிவுகளை அனுமதியின்றி மாற்றுவது நம் நாட்டின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும்.

ஆயினும் பூட்டு ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடுமா? காக்காது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நம் ஜொகூர் மாநிலத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சிகாமட், கோத்தா திங்கி, குளுவாங் முதலிய வட்டாரங்கள் துயருற்றன. ஒரு லட்சத்திற்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வெள்ளநீர் பூட்டிய பெட்டி, பூட்டாத பெட்டி என்று பார்ப்பதில்லை. எழுத்துத் தடை அழிப்பையும் திருத்தத்தையும் தடுக்கும். நீரையும் நெருப்பையும் திருட்டையும் தடுக்காது. அவற்றுக்கு மருந்து, படியெடுத்து வேறோர் இடத்தில் வைப்பதேயாகும்.

2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் உலக நாடுகள் பலவற்றில் கணினிகளின் கோப்புகளைத் திறக்க முடியாதபடி மாற்றிப் பணம் கேட்டது. கணினியோடு இணைக்காமல் தனியே படி வைத்திருந்தோர் தம் கோப்புகளை மீட்க வழி இருந்தது.

எனவே நாம் செய்ய வேண்டியவை சில. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், சேமநிதி அறிக்கை, குடும்பப் படங்கள் ஆகியவற்றைப் படியெடுத்துச் சேமிப்போம். சேமித்ததைத் திறந்து சரிபார்த்த பின்னரே பூட்டுவோம். தவறானதைப் பூட்டினால் தவறே நிலைக்கும். முன்பே நச்சுநிரல் புகுந்த அட்டையைப் பூட்டினாலும் அது தூய்மையாகி விடாது. படம் அச்சிடக் கடைக்கு அட்டையைக் கொடுக்கும் முன் அதன் பொத்தானைப் பூட்டிக் கொடுப்போம். ஒரு படியை வீட்டிலும், மற்றொன்றை வேறூரில் உள்ள உறவினர் வீட்டிலும் வைப்போம். மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு உயரமான இடத்தில் வைப்போம்.

மாணவச் செல்வங்களே! கணினியை இயக்கப் பழகிய உங்கள் விரல்கள் இக்காவலையும் பழகட்டும். பூட்டத் தெரியாத தாய் தந்தையர்க்கும் பாட்டி தாத்தாவிற்கும் நீங்களே செய்து கொடுங்கள். உழைத்துத் தேடிய பொருளைக் காப்பது போலவே, எழுதி வைத்த உண்மையையும் காப்போமாக!