குரல் முதலில், கோடு பிறகு

வளைகுடாவில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு கணவனும் மனைவியும் சொந்த ஊர் திரும்புகிறார்கள். தெரு மாறியிருக்கிறது. அண்டை வீட்டுக்காரர்களுக்கு நரை கூடியிருக்கிறது. பள்ளிக்கூடப் பையனாக இருந்த மகன் இப்போது நகரத்து ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரன். திருவல்லிக்கேணியில் பெரிய தெருவிலோ பைகிராஃப்ட்ஸ் சாலையிலோ விசாரித்தால் இப்படி ஒரு குடும்பமாவது கண்ணில் படும். இந்தக் குடும்பம் வாழ்வதோ அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆர்லன் என்னும் கற்பனை ஊரில். அதிலுள்ள அத்தனை பேரும் கோடும் வண்ணமும் மட்டுமே.

மைக் ஜட்ஜும் கிரெக் டேனியல்ஸும் உருவாக்கிய 'கிங் ஆஃப் த ஹில்' என்ற கார்ட்டூன் குடும்பத் தொடர் 1997 ஜனவரியில் தொடங்கிப் பதின்மூன்று பருவங்கள் ஓடி, 2009-ல் திரையைவிட்டுப் போனது. 2025 ஆகஸ்ட் 4 அன்று பத்து புதிய பகுதிகளோடு திரும்பி வந்தது. இடைவெளி ஏறத்தாழ பதினாறு வருடம். கார்ட்டூன் உலகத்தில் பொதுவாக யாருக்கும் வயதாவதில்லை. 1989-ல் தனித்தொடராக வந்த 'சிம்ப்சன்ஸ்' குடும்பத்தின் பார்ட்டுக்கு இன்னும் பத்து வயதுதான். ஆனால் 'கிங் ஆஃப் த ஹில்'லின் ஹேங்க் ஹில் குடும்பத்துக்கு அதன் ஆசிரியர்கள் வயதைக் கூட்டினார்கள். மகன் பாபிக்கு இருபத்தொன்று.

வரைந்த மனிதருக்கு வயதாக்குவது பெரிய வேலையில்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு, காதோரம் கொஞ்சம் சாம்பல் நிறம், தொப்பையில் சற்று வளைவு. அப்படி மாற்றிய உருவத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைந்து, 'மாடல் ஷீட்' என்ற மாதிரித் தாளாகக் கையில் கொடுத்துவிட்டால் நூறு ஓவியர்கள் ஒரே ஹேங்க்கை வரைவார்கள். 1990-களின் சதுரமான தொலைக்காட்சிக்குப் போட்ட வீட்டுக் கூடத்தை இன்றைய அகலத் திரைக்காக இருபுறமும் நீட்டி வரைய வேண்டும். அதுவும் முடிகிற காரியம். முடியாதது குரல். ஹேங்க்குக்கு மைக் ஜட்ஜேதான் பேசுகிறார். மனைவி பெகிக்கு கேத்தி நஜிமி. பாபிக்குச் சின்ன வயதில் குரல் கொடுத்த பமேலா ஆட்லன் என்ற நடிகையே வளர்ந்த பாபிக்கும் பேசுகிறார். டேல் பாத்திரத்துக்குப் பேசிய ஜானி ஹார்ட்விக் 2023-ல் இறந்துபோனார். அதற்குள் பேசி வைத்திருந்த பகுதிகளில் அவர் குரலையே வைத்துக்கொண்டு, மீதிக்கு டோபி ஹஸ் என்பவரை அமர்த்தினார்கள். லூவான் பாத்திரத்துக்குப் பேசிய பிரிட்டனி மர்ஃபி 2009-லேயே மறைந்தவர். இன்னொருவர் குரலில் லூவானைக் கொண்டுவரவில்லை.

குரலுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்பது, இந்தத் தொடர்கள் உருவாகும் முறையைப் பார்த்தால் விளங்கும். நம்மில் பலரும் படத்தை வரைந்துவிட்டுப் பிறகு குரல் சேர்ப்பதாக நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. எழுதிய வசனத்தை நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சிரிப்பு எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று பார்த்துத் திருத்திய பிறகு ஒலிப்பதிவு. அந்த ஒலி முடிவான பின்தான் ஓவியர் பென்சிலைக் கையில் எடுக்கிறார்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வீடு. நடுவில் முற்றம், முற்றத்தில் அடிபம்பு, சுற்றிலும் நான்கு குடும்பம். மாமி சொல்கிறாள்: "பால் வாங்கப் போன மனுஷன் பம்பாய்க்கே போயிட்டாரா?"

இதைச் சொல்லச் சுமார் மூன்று விநாடி ஆகும். திரைப்படத்துக்கு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஆக 72 சட்டகம். தொலைக்காட்சித் தொடரில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்திவைப்பார்கள். கண் அதை ஓட்டமாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் 36 படம். இதே கணக்கில் 22 நிமிடப் பகுதி ஒன்றுக்கு 15,840 படங்கள் வரும்.

ஒலிப்பதிவைச் சட்டகம் சட்டகமாகக் கேட்டு, எந்தச் சட்டகத்தில் எந்த ஒலி என்று நெடுக்குத் தாளில் குறிப்பவர் ஒருவர் உண்டு. அந்தத் தாளுக்கு 'எக்ஸ் ஷீட்' என்று பெயர். மாமியின் வசனத்தில் ஆறு இடங்களில் இரண்டு உதடும் ஒட்டியே ஆக வேண்டும்: பால், ப்போன, மனுஷன், ப, ம்பாய், போயிட்டாரா. 'வா'வில் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். 'போ'வில் உதடு குவிய வேண்டும். மற்ற ஒலிகளில் கொஞ்சம் ஏமாற்றலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒட்ட வேண்டிய உதடு ஒட்டாவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். உதடு ஒலிக்கு ஒன்றிரண்டு சட்டகம் முன்னதாகவே மூடினால்தான் பேச்சு இயல்பாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலின் அனுபவப் பாடம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எட்டு ஒன்பது வாய் வடிவங்களை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். ஆங்கிலத்துக்கு இந்த வாய்ப்பட்டியல் அச்சடித்தே கிடைக்கிறது. தமிழுக்கு அதன் அடிப்படையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே வகுத்துவிட்டது என்பேன். அகரமும் ஆகாரமும் வாய் திறந்து, உகரமும் ஒகரமும் இதழ் குவிந்து, பகரமும் மகரமும் இதழ் இயைந்து, வகரம் பல்லும் இதழும் சேர்ந்து என்று அது பிரித்த பிரிவு அப்படியே அனிமேட்டரின் பட்டியல். நம் அனிமேஷன் வகுப்புகளில் பிறப்பியலை ஒரு மணி நேரமாவது நடத்த வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு விஷயம், செலவு. திரையரங்குக்காகச் செய்த பழைய ஏழு நிமிடக் கார்ட்டூன்களில் ஒவ்வொரு அசைவுக்கும் முழு உருவத்தையும் மறுபடி வரைந்தார்கள். வாராவாரம் அரை மணி நேரம் என்றால் அது கட்டுப்படியாகாது. ஹன்னா, பார்பெரா என்ற கார்ட்டூன் தயாரிப்பாளர்கள் இருவரும் 1960-ல் 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற கற்காலக் குடும்பத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது அசைவைக் குறைத்தார்கள். உடம்பு ஒரு தாளில் அசையாமல் இருக்கும். தலை, வாய், கை மட்டும் தனித்தனித் தாளில் மாறும். தலையும் உடம்பும் சேரும் இடம் தெரியாமலிருக்க, ஃபிரெட்டுக்குக் கழுத்துப் பட்டையும் மனைவி வில்மாவுக்குப் பெரிய மணிமாலையும் போட்டுவிட்டார்கள். நம் மாமிக்குக் காசுமாலை, மாமாவுக்குக் கழுத்தைச் சுற்றிய துண்டு. வீடும் அப்படித்தான்: முற்றத்தை ஒருமுறை வரைந்துவிட்டால் நூறு பகுதிக்கு வாடகையில்லாமல் உழைக்கும். இந்தச் சிக்கனத்தால் சிரிப்பின் பாரம் முழுவதும் பேச்சின் மேல் இறங்கியது. குடும்ப நகைச்சுவைக்கு இதுவே வசதியாகவும் போயிற்று. படம் அதிகம் ஆடாமல் நிற்கும்போதுதான் பேச்சுக்கு நடுவே வரும் அந்த அரை விநாடி மௌனம் காதில் விழும். 'கிங் ஆஃப் த ஹில்'லில் நான்கு நண்பர்கள் சந்தில் வரிசையாக நின்று பீர் குடித்தபடி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே சிரிப்பு.

சென்னைக்கு இந்தக் கலையின் பாதி நன்றாகத் தெரியும். சுட்டி டிவி 2007-ல் தொடங்கியதிலிருந்து 'டோராவின் பயணங்கள்', ஜாக்கி சான் சாகசங்கள் என்று ஒரு தலைமுறைக் குழந்தைகள் தமிழில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தார்கள். அதற்குப் பேசிய டப்பிங் கலைஞர்களின் வேலை ஓவியர் வேலையைவிடக் கடினம் என்பேன். வேறு மொழிக்காக வரைந்த வாய் அங்கே ஏற்கெனவே அசைந்து முடிந்திருக்கிறது. அது மூடும் இடத்தில் ஒரு பகரமோ மகரமோ விழும்படி வசனத்தைத் தேட வேண்டும். நீளமும் மிஞ்சக் கூடாது. சிரிப்பும் வர வேண்டும். இத்தனையும் செய்பவர்களின் பெயர் திரையில் நின்று தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மறுபாதியிலும் கை வைத்திருக்கிறோம். சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000-லேயே 'பாண்டவாஸ்' படத்தைக் கணினியில் செய்தது. 2007-ல் 'இனிமே நாங்கதான்' வந்தது. 2014-ல் வந்த 'கோச்சடையான்', ஐந்து வருடம் முன்பே மறைந்த நாகேஷைக் கணினி உருவமாகத் திரும்ப நடமாடவிட்டது. எல்லாம் அரசர்கள், மந்திரங்கள், போர்கள். பால் வாங்கப் போனவருக்காகக் காத்திருக்கும் மாமிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

சரக்குக்குப் பஞ்சமில்லை. பாரதி தன் 'இந்தியா' இதழில் 1906 தொடங்கிக் கருத்துப்படம் போட்டவர். கடைசிக் காலத்தில் வாழ்ந்து மறைந்தது இதே திருவல்லிக்கேணியில். பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் ஜ.ரா. சுந்தரேசன் குமுதத்தில் எழுதி, ஜெயராஜ் வரைந்த அப்புசாமியும் சீதாப்பாட்டியும் 1960-களிலிருந்து தமிழ்நாட்டுக்குத் தெரிந்த தம்பதி. பாட்டியின் ஆங்கிலமும் தாத்தாவின் சென்னைப் பேச்சும் குரல் நடிகருக்குக் கிடைத்த விருந்து. மேசையைச் சுற்றி வாசித்துப் பார்க்க, நாடக மேடையில் பழகிய நகைச்சுவை நடிகர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

ஐந்து நிமிடப் பகுதியாக ஆரம்பித்தால் போதும். இரண்டே இரண்டு பின்னணி, நான்கு பாத்திரம், ஒன்பது வாய். வசனத்துக்கும் குரலுக்கும் முதலில் செலவழியுங்கள், வரைபவர்களை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். தமிழ்த் தொலைக்காட்சிகளும் இணையத் தளங்களும் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், சீக்கிரமே.