மேட்டுக் கட்டையும் மடைத் தண்ணீரும்
(மலையடிவார வெள்ளாமை – 12)

உடுமலையில் மூணாறு பஸ் ஏறினால், ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி, சின்னாறு காட்டுக்குள் வளைந்து வளைந்து மறையூரில் இறங்கலாம். அங்கிருந்து ஜீப்பில் காந்தளூர். கீழே சட்டை நனைய வேர்த்தவனுக்கு மேலே போர்வை தேவைப்படுகிறது. உயரம் சுமார் 1,500 மீட்டர். படிப்படியான வயல்களில் மலைப்பூண்டு. வீட்டோரங்களில் பிளம்ஸ், பேரி, ஆப்பிள். கேரளத்து ஊர்தான், ஆனால் காதில் விழுவதெல்லாம் தமிழ்.

ஏறக்குறைய இதே உயரத்தில் ஆஸ்திரியாவிலும் ஒரு தோட்டம் இருக்கிறது. 'ஆஸ்திரியாவின் சைபீரியா' என்று அந்நாட்டாரே சொல்லும் லுங்காவ் வட்டாரம். அங்கே பெற்றோரின் மலைப்பண்ணையை செப் ஹோல்சர் என்ற விவசாயி 1962இல் ஏற்று நடத்தத் தொடங்கினார். இயற்கையின் போக்கைப் பார்த்துப் பண்ணையை வடிவமைக்கும் முறைக்கு பெர்மாகல்ச்சர் என்று பெயர்; டாஸ்மேனியாவில் அதை உருவாக்கிய மொல்லிசனும் ஹோம்கிரனும் அதைப் பற்றிய முதல் புத்தகத்தை வெளியிட்ட 1978க்கு அது வெகுகாலம் முந்தி. சரிவைப் படிகளாக வெட்டினார், குளம் தோண்டினார், பாறைகளை அங்கங்கே நிறுத்தினார். பாறை பகல் வெயிலை வாங்கி வைத்து ராத்திரியில் விடும். குளத்து நீர் வெயிலைப் பழமரங்களின் மேல் திருப்பி அடிக்கும். மரக்கட்டைகளைப் புதைத்து அவற்றின்மேல் மண்ணைக் குவித்து விதைத்தார். உள்ளே கட்டை மக்கும்போது பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அவருக்குக் குறை வெயில். மறையூர், காந்தளூர் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். இங்கே குறை தண்ணீர். அந்தப் பாறைகள் நமக்கு வேண்டாம். தண்ணீரை மேட்டிலேயே நிறுத்தி மெல்லக் கீழே விட்டாரே, அதுதான் வேண்டும்.

காந்தளூர்ச் சரிவுகளிலோ கிராண்டிஸ் நிற்கிறது. யூகலிப்டஸில் ஒரு வகை. "ஆள் கிடைக்கல தம்பி. காட்டுமாடு வேற இறங்குது. இதை நட்டுட்டா திரும்பிப் பாக்க வேண்டியதில்ல" என்றார் ஒரு பெரியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேகமாக வளரும் மரம் அதற்கேற்பக் குடிக்கும். ஊற்றுகள் வற்றியதை மலையில் எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

அந்த ஊற்றுத் தண்ணீர் யாருடையது? காந்தளூர்ப் பக்கத்து ஓடைகள் பாம்பாற்றில் சேர்கின்றன. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் அமராவதி அணைக்கு வருகின்றன. 1957இல் கட்டி முடித்த, 90 அடி கொள்ளும் அணை. உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம், கரூர் வரை நம் நெல்லும் கரும்பும் தென்னையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மடை திறக்கும் தேதியைக் கேட்டு வருஷா வருஷம் காத்திருக்கும் நாம், மேட்டில் எந்த மரம் நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கிராண்டிஸை வெட்டினால் போதாது. அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும். வேரோடு பறிக்க வேண்டும், பழையபடி படி வெட்ட வேண்டும், பழமரம் காய்க்கும்வரை அந்தக் குடும்பம் சாப்பிட வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை அமராவதி ஆயக்கட்டுக்காரர்களாகிய நாம் ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுத்தால் என்ன?