தாழ்ப்பாளும் துப்பாக்கியும்

இரவு பத்து மணி. வாசல் கதவு சாத்தியாயிற்று. கொல்லைக் கதவு? மாடிக் கதவு? புதுச்சேரியின் பழைய வீடாக இருந்தால் முற்றத்துக்கு மேலே வானம் வேறு திறந்து கிடக்கிறது. அதற்குக் கம்பி போட்டாகிவிட்டதா? எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து படுத்தால், பேப்பரில் திருட்டுச் செய்தி படித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பிக்கிறார்: "நாமும் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்தால் என்ன?"

அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் சினிமாவில் பார்த்த 'பம்ப் ஆக்‌ஷன்' துப்பாக்கிதான். முன்கட்டையைப் பிடித்து 'சடக் சடக்' என்று இழுத்துத் தள்ளினால் திருடன் நடுங்கிப் போவானே, அதுதான்!

"அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள், சகோதரிகளே. ஒரு குக்கர் வாங்கவே நாலு கேள்வி கேட்பவர் நீங்கள். துப்பாக்கிக்கு நாற்பது கேள்வி கேட்க வேண்டாமா?

பழைய உறவு

புதுச்சேரிக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் பிரிட்டிஷார் இந்தியர் கைகளைக் கட்டி வைத்திருந்த காலத்தில், பிரெஞ்சு எல்லைக்குள் அந்தச் சட்டம் செல்லவில்லை. 1910-ல் இங்கே வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி அளித்தார். அவர்களில் ஒருவர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அந்தப் பிஸ்டலுக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கர் ஜான் பிரௌனிங்தான், 1893-லும் 1897-லும் வின்செஸ்டர் கம்பெனிக்காகப் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிகளையும் வடிவமைத்தவர்.

அந்தக் காலம் போய்விட்டது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தோம். கடலூரில் உள்ள ஆயுதச் சட்டமே இன்று நமக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் '12 போர்' என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ, அதுவே குழாயின் அளவு. ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். ஒரே தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும்.

பம்ப் ஆக்‌ஷனில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதில் வரிசையாக நிற்கும். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதியது ஏறும். திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையிலேயே இந்த ரகத்தைச் செய்திருக்கிறார்கள். இழுப்பு முழு இழுப்பாக இருக்கவேண்டும். பயத்தில் கை நடுங்கி அரைகுறையாக இழுத்தால் தோட்டா நடுவில் சிக்கிக்கொள்ளும். ஆகவே பழகாத கைக்கு இது உதவாது.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டே தோட்டாதான். ஆனால் ஒரு பெரிய சௌகரியம். நடுவில் மடித்துத் திறந்தால், தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பம்ப் ஆக்‌ஷனைப் பார்த்த மாத்திரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு வித்தியாசம் லட்சம் பெறும்.

இன்னொரு தப்பபிப்பிராயம்: "கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் குண்டுகள் பரவிப் படும்" என்பது. ஒரு கூடத்தின் நீளத்துக்குள் குண்டுகள் அதிகம் பரவுவதே இல்லை. குறி பார்த்துத்தான் சுடவேண்டும். குறி தவறினால்? சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்கள் நம்முடையவை. மரக் கதவும் ஜன்னலும் குண்டைத் தடுக்கும் என்று நம்புவதற்கில்லை. அந்தப் பக்கம் படுத்திருப்பவர் அடுத்த வீட்டுப் பாட்டியாக இருக்கலாம்.

லைசென்ஸ் யார் பேரில்?

கடைக்குப் போய்ப் பணத்தை வைத்து வாங்கிவரும் பொருள் அல்ல இது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் அறிக்கை வரவேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகள், பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி இவற்றையும் கேட்கின்றன. தற்காப்புக்கு என்று கேட்கும் வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்குக் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வீட்டில் வளைய வசதியாக இருக்கட்டும் என்று குழலை அறுத்துக் குட்டையாக்குவது குற்றம். சொந்தச் சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் லைசென்ஸை மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். 2019-ல் வந்த திருத்தத்தால் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும்.

இனி உங்களுக்கான கேள்வி. லைசென்ஸ் அவர் பேரில். அவர் வெளியூர் போயிருக்கிறார். இரவில் கொல்லைக் கதவு அசைகிறது. நீங்கள் அந்தத் துப்பாக்கியை எடுக்கலாமா? லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. உங்கள் பெயர் அதில் இல்லை என்றால் அது உங்களுக்கு உரியதல்ல. பயத்தோடு தனியே இருப்பவர் நீங்கள். ஆயுதத்துக்கு உரியவர் ஊரில் இல்லை! வாங்குவதென்றே தீர்மானமானால், உங்கள் பேரில் ஒரு லைசென்ஸுக்கு மனு போடுவதா, பயிற்சிக்கு நீங்களும் போவதா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சுட்டால் என்ன ஆகும்?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை உண்டு. கொள்ளை, இரவில் கன்னமிட்டு நுழைவது, வீட்டுக்குத் தீ வைப்பது போன்ற சந்தர்ப்பங்களில் அந்த உரிமை உயிரைப் போக்கும் அளவுக்கும் நீள்கிறது. ஆனால் தேவைக்கு மேல் துன்பம் செய்யக் கூடாது. போலீஸாரின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை. வீட்டை விட்டு ஓடிப்போகிறவனைச் சுட்டுக் கொல்ல இதில் இடமில்லை. அந்த அரை நிமிஷத்தில் எடுத்த முடிவைக் கோர்ட்டு பல வருஷங்கள் ஆற அமர ஆராயும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இருட்டில் தெரியும் நிழல் திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மாமனாரா, சினிமா பார்த்துவிட்டுத் தாமதமாக வந்த பையனா? அமெரிக்காவில் ஆர்தர் கெல்லர்மன் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இது: துப்பாக்கி உள்ள வீடுகளில், வீட்டிலேயே கொலை நேரும் அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்கு. அதிகமான அந்த அபாயம் வந்தது திருடனிடமிருந்து அல்ல, குடும்பத்தாரிடமிருந்தும் நெருங்கிப் பழகியவர்களிடமிருந்தும்! கோபமும் மனச்சோர்வும் பூட்டைத் திறக்காமலே உள்ளே வந்துவிடுகிற திருடர்கள் அல்லவா?

முதலில் கதவு

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். வாசலுக்கும் கொல்லைக்கும் உறுதியான உட்தாழ்ப்பாள். மாடிக் கதவுக்கு இரும்புச் சட்டமும் பூட்டும். பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வரும் வழி அதுதான். முற்றத்துக்குக் கம்பி வலை. வாசலிலும் கொல்லையிலும் விளக்கு. படுக்கையறைக் கதவுக்குள்ளிருந்து பூட்ட வசதி; தலைமாட்டில் டார்ச்சும் டெலிபோனும். 112 என்ற எண் வீட்டில் எல்லோருக்கும், பாட்டிக்கும்கூட, மனப்பாடமாக இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எந்தத் துப்பாக்கிக்கும் இல்லாத கண்கள் அவருக்கு உண்டு.

இத்தனையும் செய்த பிறகும் உண்மையான மிரட்டல் இருந்து, துப்பாக்கி அவசியம் என்று தோன்றினால், லைசென்ஸ் பெற்ற கடையில், முறைப்படி, பயிற்சியோடு வாங்குங்கள். துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா இன்னொரு பூட்டிய பெட்டியில். சாவி உங்கள் வீட்டுக்காரரின் இடுப்பில். உங்கள் பேரிலும் லைசென்ஸ் இருந்தால் உங்கள் இடுப்பிலும்!

நாளைக்கே அவர் அந்தப் பேச்சை எடுத்தால், "சரி, வாங்கலாம், அதற்கு முன்னால் மாடிக் கதவுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கி வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்களேன்.